மதுரையில் கடைப் பெயரோடு மணியையும் கேளுங்கள்

போன மே மாதம் கோயம்புத்தூரிலிருந்து சித்தி மகன் குடும்பத்தோடு மதுரைக்கு வந்திருந்தான். கோவில், மகால், அழகர்கோவில் எல்லாம் சுற்றிவிட்டு, "அக்கா, பரோட்டா எங்க நல்லா இருக்கும்?" என்று போனில் கேட்டான். நான் ஆறேழு வருடமாகச் சாப்பிடுகிற ஒரு கடையைச் சொன்னேன். மறுநாள் காலையில் கூப்பிட்டான். பரோட்டா பிய்க்கவே வரவில்லையாம். சால்னாவில் மிளகாய்த்தூளைத் தவிர எதுவும் தெரியவில்லையாம். சின்னவள் ராத்திரி முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். "எத்தனை மணிக்குப்பா போனீங்க?" என்றேன். "ரூமுக்குப் போய்க் குளிச்சிட்டுத்தான் கிளம்பினோம். பதினொண்ணு இருக்கும்கா."

அந்தக் கடைக்கு நான் ஒருநாளும் எட்டரை மணிக்கு மேல் போனதில்லை. கடையைச் சொன்ன நான் மணியையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குழந்தை அழுததை நினைத்தால் இப்போதும் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நேரத்தோடுதான் சொல்கிறேன். மதுரைக்கு வருகிறவர்களுக்கும், இங்கேயே இருந்து தினமும் வெளியில் சாப்பிடுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று அதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் போடி. 2008ல் ஆடிட்டர் ஆபீஸ் வேலைக்காக மதுரைக்கு வந்தேன். எங்கள் வேலையில் பாதி நாள் பார்ட்டி, அதாவது கணக்குக் கொடுத்த வாடிக்கையாளர், இருக்கிற இடத்துக்கே போய்க் கணக்குப் பார்க்க வேண்டும். ஒருநாள் கீழமாசி வீதி மளிகை மண்டி, ஒருநாள் தெற்காவணி மூல வீதி நகைக்கடை, இன்னொரு நாள் விளக்குத்தூண் ஜவுளிக்கடை. எங்கே பசிக்கிறதோ அங்கே சாப்பாடு. மார்ச்சிலும் செப்டம்பரிலும் வேலை குவியும், ராத்திரிச் சாப்பாடும் வெளியில்தான். அதனால் ஒரே கடையைக் காலை ஏழு மணிக்கும், மதியம் மூன்று மணிக்கும், ராத்திரி பத்தரைக்கும் பார்த்திருக்கிறேன். மூன்றும் ஒன்றாக இருந்த கடை ரொம்பக் குறைவு.

பரோட்டாவிலிருந்தே தொடங்குகிறேன். மதியமே மைதா பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிடுவார்கள். மாஸ்டர் சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் கல்லுக்கு வருவார். சால்னா ஒரு அண்டா. பெரும்பாலான கடைகளில் அது ஒருமுறைதான் கொதிக்கும். ஆறரையிலிருந்து எட்டரை வரை அந்த அண்டாவில் இருப்பது நிஜமான சால்னா. சோம்பும் பட்டையும் கசகசாவும் தேங்காயும் நாக்கில் தெரியும். ஒருமுறை ஒரு ஜவுளிக்கடையில் ஸ்டாக் எடுக்கிற வேலை பத்து நாள் நடந்தது. மாடி ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு பரோட்டாக் கடையின் அடுப்பு. ஒன்பதரைக்கு அண்டா அடிக்குப் போய்விடும். உடனே ஒரு குடம் வெந்நீர், ரெண்டு கை மிளகாய்த்தூள், உப்பு. பத்தரைக்கு இன்னொரு குடம். பத்து நாளும் இதேதான். பரோட்டாவையும் எட்டு மணிக் கூட்டத்துக்கென்று மொத்தமாகப் போட்டு அடுக்கிவிட்டு, பத்து மணிக்கு மேல் வருகிறவர்களுக்குக் கல்லில் எண்ணெயை ஊற்றிச் சூடு காட்டித் தந்தார்கள். பெரியவர்களுக்கே அது ஆகாது. சின்னப் பிள்ளை வயிறு எப்படித் தாங்கும்?

எப்போது உள்ளே போகலாம் என்பதைக் காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். கல்லிலிருந்து எடுத்த ஐந்தாறு பரோட்டாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மாஸ்டர் ரெண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று தட்டுவார். உள்ளே இருக்கிற அடுக்குகள் பிரிந்து பூவாக விரிவது அந்தத் தட்டலில்தான். அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டால் தாராளமாகப் போய் உட்காருங்கள். கொத்துகிற சத்தம் மட்டுமே கேட்டால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், மிஞ்சிய பரோட்டா எல்லாம் கொத்துக்குத்தான் போகும். எனக்குக் கொத்து பரோட்டா ரொம்பப் பிடிக்கும். எட்டு மணிக்கு முன்னாலேயே போய், "அண்ணே, இப்பப் போட்டதையே கொத்துங்க" என்று சொல்லிவிடுவேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பன் பரோட்டா என்று இங்கே ஒன்று உண்டு, குட்டையாகத் தடிமனாக, உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும். அதைக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பார்சல் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆறி, வெறும் மாவாக ஆகிவிடும்.

சிம்மக்கல் கோனார் கடைக் கறி தோசைக்கு நான் ஏழரை மணிக்குப் போவேன். கல்லில் மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே முட்டை, அதற்கு மேலே கறிச் சுக்காவைப் பரப்பித் திருப்பிப் போடுவார்கள். கறி அடியில் போய்க் கல்லோடு ஒட்டி வேகும்போது ஓரம் மட்டும் லேசாகக் கருகும். அந்த ஓரத்துக்காகவே போகலாம். ஆளுக்கு ஒன்று என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். ரெண்டு பேருக்கு ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பசி இருந்தால் அடுத்தது. ராத்திரி பத்து மணிக்கு அதை முழுசாகச் சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும்.

இட்லிக்கு வருகிறேன். நான் குடியிருக்கிற தெருமுனையில் ஒரு அக்கா இட்லி அவிக்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. காலை ஐந்தரைக்கு அடுப்பு பற்றும். துணி போட்ட தட்டுதான். வெந்ததும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீரைத் தெளித்து, ஓரத்திலிருந்து மெதுவாக உரிப்பார். இட்லி ஒன்றுகூடப் பிய்யாது. ஆறு மணியிலிருந்து ஏழரை வரை அந்த இட்லியை மதுரையின் எந்தப் பெரிய ஓட்டலோடு வைத்தும் பேசலாம். எட்டு மணிக்கு மேல் போனால் அவரே, "மாவு புளிச்சிருச்சு தாயி, இட்லி வேணாம், தோசை ஊத்தித் தாரேன்" என்பார். விற்கிற பொருளை வாங்காதே என்று சொல்கிற கடை எத்தனை இருக்கும்? நான் அவரிடம் பதினொரு வருடமாகச் சாப்பிடுவதற்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஒரே குறை இருந்தது. தட்டில் பிளாஸ்டிக் தாள் போட்டுச் சூடான இட்லியை அதன்மேல் வைப்பார். உணவு வைக்கிற பிளாஸ்டிக் தாளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. அதைச் சட்டமாகச் சொல்லாமல், "அக்கா, சூட்டுல இளகி இட்லியில சேருமே, வாழை இலைக் கிழிசல் போடுங்களேன், ஒரு ரூபா கூட வாங்கிக்குங்க" என்று நாலைந்து முறை சொன்னேன். இப்போது இலைதான். ஒரு ரூபாயைக் கூட்டவும் இல்லை.

அதே இட்லிக்குப் பல மடங்கு விலை வாங்குகிற ஏ.சி. ஓட்டல் ஒன்றில் பதினொரு மணிக்கு இட்லி கேட்டுப் பாருங்கள். ஓரம் காய்ந்து, மேலே தோல் மாதிரி ஒரு படலம் இருக்கும். காலையில் அவித்ததை ஹாட் பாக்ஸில் வைத்துத் திரும்ப ஆவி காட்டித் தருகிறார்கள். விரலால் நடுவில் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கும். புது இட்லியில் அழுத்தின இடம் மேலே எழும்பி வரும். இதைத் தெரிந்துகொள்ள பெரிய நாக்கு தேவையில்லை.

வெளியூர்க்காரர்கள் இட்லி கேட்டால் மேலமாசி வீதி முருகன் இட்லிக் கடையைச் சொல்வேன். காலை ஏழு மணிக்கு. இட்லி வேகமாகக் காலியாகிற கடை என்பதால் தட்டு மாற மாற புதிதாக வந்துகொண்டே இருக்கும். இலையில் வரிசையாகச் சட்னி வைப்பார்கள். எந்தக் கடையாக இருந்தாலும் நான் முதலில் தொடுவது தேங்காய்ச் சட்னிதான். கோடையில் நாலைந்து மணி நேரத்துக்கு மேல் அது தாங்காது. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். கொழகொழவென்று இழுத்தாலோ, லேசாகப் புளித்த மோர் வாசனை வந்தாலோ அன்றைக்குச் சட்னியை ஒதுக்கிவிட்டுப் பொடியும் எண்ணெயும் கேளுங்கள்.

இந்தச் சட்னி விஷயத்தில் எனக்கு ரெண்டு அனுபவம். ரெண்டையும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பெரிய ரோட்டில் இருக்கிற பெயர் பெற்ற சைவ ஓட்டல். மதியம் ரெண்டே முக்கால். நானும் ஆபீஸ் பெண் ஒருத்தியும் வடையும் காபியும் சொன்னோம். சட்னி கெட்டிருந்தது. பரிமாறுகிற தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கிண்ணத்தை எடுத்துப்போய் வேறு கிண்ணத்தில் கொண்டுவந்தார். அதே வாசனை, அதே பாத்திரத்துச் சட்னி. கல்லாவில் போய்ச் சொன்னேன். "காலையிலேருந்து எல்லாரும் சாப்பிடுறாங்க மேடம், நீங்க மட்டும்தான் சொல்றீங்க" என்றார். "ஒரு ஸ்பூன் நீங்க வாயில வச்சுப் பாருங்க சார்" என்றேன். அவர் கிண்ணத்தைப் பார்க்கவே இல்லை, அடுத்த ஆளின் பில்லை வாங்கிக்கொண்டார். பக்கத்து மேசையில் ஒரு பாட்டி பேரனுக்கு அதே சட்னியைத் தொட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஓட்டலுக்கு அப்புறம் போகவில்லை.

ரெண்டாவது, கீழவாசல் பக்கம் பத்துப் பேர் உட்காரக்கூடிய சின்னக் கடை. நேரம் காலை பத்தரை, சித்திரை மாதம். அங்கேயும் சட்னி கெட்டிருந்தது. சொன்னதும் முதலாளியே வந்தார். எங்கள் இலையிலிருந்தே தொட்டு நக்கிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய்ச் சட்னி வாளியைத் தூக்கிவந்து எல்லாருக்கும் தெரியும்படி சாக்கடையில் கொட்டினார். "யாரும் சட்னி தொடாதீங்க, பொடி தர்றேன், சாம்பார் இருக்கு" என்று சத்தமாகச் சொன்னார். பாதி வாளி இருக்கும். சின்னக் கடைக்கு அது சின்ன நஷ்டமில்லை. அன்றைக்கு என்னிடம் காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கடைக்கு இன்றும் போகிறேன், பிறரையும் அனுப்புகிறேன், ஒன்பது மணிக்கு முன்னால் போகச் சொல்லி.

குறை சொல்வதைப் பற்றி ஒன்று. முதலில் பரிமாறுகிறவரிடம், அவர் கேட்காவிட்டால் முதலாளியிடம், மெதுவாக, கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் பில்லையும் சாப்பாட்டையும் போட்டோ எடுத்து, நாள், நேரம், கடை முகவரியோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322க்கு அனுப்புங்கள். முதல் ஓட்டல் விஷயத்தில் நான் அப்படித்தான் செய்தேன். மூன்றாம் நாள் அலுவலர் ஒருவர் போன் செய்து விவரம் கேட்டுக்கொண்டார். பில் இல்லாவிட்டால் புகாருக்கு ஆதாரம் குறைந்துவிடும். அதனால் இருபது ரூபாய்க்குச் சாப்பிட்டாலும் பில் வாங்கிவிடுவேன். பில்லில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் பதினாலு இலக்கத்தில் இருக்க வேண்டும். 2022 ஜனவரியிலிருந்து அது கட்டாயம்.

பில்லைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் என் தொழில் சம்பந்தமாகவும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரண ஓட்டலில் ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், 2017 நவம்பர் 15லிருந்து. அறை வாடகை ரொம்ப அதிகமாக உள்ள நட்சத்திர ஓட்டலுக்குள் இருக்கிற ரெஸ்டாரண்டில்தான் 18. சின்னக் கடைகள் பல, மொத்த விற்பனைக்குக் குறிப்பிட்ட வீதத்தில் வரி கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும். அவர்கள் வரியைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும், நம்மிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணே இல்லாமல் 5 சதவீதம் மட்டும் சேர்த்திருந்தால் அந்தப் பணம் அரசாங்கத்துக்குப் போகாது. ஒருமுறை கே.கே. நகர்ப் பக்கம் ஒரு புது ரெஸ்டாரண்டில், பிறந்தநாள் சாப்பாட்டு பில்லில் "ஊழியர் நலன்" என்று பத்து சதவீதம் சேர்த்திருந்தார்கள். சர்வீஸ் சார்ஜை வேறு எந்தப் பெயரிலும் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்றே வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. மேனேஜரிடம் எடுத்துச் சொன்னதும் நீக்கிவிட்டு வேறு பில் போட்டார். மறுத்திருந்தால் 1915க்குக் கூப்பிட்டிருப்பேன், அது தேசிய நுகர்வோர் உதவி எண். பரிமாறின தம்பிக்கு நூறு ரூபாயைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவருக்குப் போய்ச் சேர வேண்டியது அவர் கைக்கே போகட்டும்.

எண்ணெய் விஷயமும் அப்படித்தான். பொரித்த எண்ணெயில் கெட்ட சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. பயன்படுத்திய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கிக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள். ஓட்டல் கணக்கில் அந்த விற்பனை ரசீது மாதாமாதம் இருந்தால் எனக்கு ஒரு நிம்மதி. டின் டின்னாக எண்ணெய் வாங்கியிருக்கிறார்கள், வெளியே போனதற்கு ஒரு தாளும் இல்லை என்றால், அது எங்கே போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், அது தொழில் தர்மம். சாப்பிடப் போகிறவர்கள் சட்டியை எட்டிப் பார்க்கலாமே. பஜ்ஜி போட்டதும் எண்ணெய் மேலே நுரை கட்டி நுரை அடங்காமலே இருந்தால், அன்று பஜ்ஜி வேண்டாம். சாயங்காலம் நாலரைக்குப் போனால் பெரும்பாலும் புது எண்ணெய்.

மதியச் சாப்பாடுதான் மதுரையின் பெருமை என்பது என் கருத்து. தல்லாகுளத்தில் அம்மா மெஸ், இன்னும் குமார் மெஸ், சந்திரன் மெஸ் என்று வெளியூரிலும் பெயர் தெரிந்த கடைகள் இருக்கின்றன. பெயர் தெரியாத கடைகள் அதைவிட அதிகம். பன்னிரண்டரையிலிருந்து ஒன்றே கால் வரை நல்ல நேரம். எல்லாக் குழம்பும் இருக்கும், ரசம் கொதித்து இறங்கியிருக்கும், பரிமாறுகிறவருக்கு நம் முகத்தைப் பார்க்க அவகாசம் இருக்கும். ரெண்டு மணிக்கு மேல் மீன் குழம்பு சுண்டிப் போய் உப்பு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு எந்த மெஸ்ஸுக்கும் போகாதீர்கள். நம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நின்றுகொண்டு இலையையே பார்ப்பார், அப்படி என்னால் சாப்பிட முடியாது. புரட்டாசி மாதம் கூட்டம் குறையும், விரதம் இல்லாதவர்கள் அப்போது போய்ப் பாருங்கள்.

முதல்முறை மெஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். இலை போட்டதும் ஒரு பெரிய தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களாகச் சுக்கா, கோலா உருண்டை, குடல், மீன் வறுவல், நண்டு, காடை எல்லாம் அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். 2009ல் அம்மா போடியிலிருந்து வந்தபோது ஒரு மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். தட்டு வந்தது. "இது நல்லாருக்கும்மா, வைக்கட்டா, இதையும் வைக்கட்டா" என்று அவர் கேட்கக் கேட்க, அம்மா மரியாதைக்குத் தலையாட்டினார். சாப்பாட்டோடு வருவது என்று ரெண்டு பேருமே நினைத்தோம். பில் ஆயிரத்து நூற்றுப் பத்து. அன்றைய என் சம்பளத்தில் அது ஆறில் ஒரு பங்கு. அம்மா அதற்கப்புறம் மூன்று வருடம் என்னோடு வெளியில் சாப்பிட வரவில்லை. "உன் காச நானே தின்னுட்டேனே" என்று சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார். அந்த வருத்தத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் தட்டு வந்தவுடன் கூச்சப்படாமல் கேளுங்கள்: "இதுல எது சாப்பாட்டோட வரும், எது தனிக் காசு, ஒண்ணொண்ணும் என்ன விலை?" பெரும்பாலும் குழம்பு வகைகளும் ரசமும் மோரும் சாப்பாட்டோடு சேர்ந்தது, தட்டில் வருவது எல்லாம் தனி. அயிரை மீன் குழம்பு மட்டும் குழம்பாக இருந்தாலும் தனிக் காசுதான். அயிரை விரல் நீளம்கூட வராத மீன். உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு, மண்ணைக் கக்க வைத்து, முழுசாகவே குழம்பில் போடுவார்கள். கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற மீன் என்பதால் விலை இருக்கத்தான் செய்யும். வருடத்துக்கு ரெண்டு தடவை, விலையைக் கேட்டுக்கொண்டு, ஒரு கிண்ணம் வாங்கி ரெண்டு பேர் பகிர்ந்து சாப்பிடுவது என் வழக்கம். புளியும் சின்ன வெங்காயமும் மீனின் மெல்லிய கசப்பும் சேர்ந்த அந்த ருசிக்கு அந்தக் காசு தகும் என்றே சொல்வேன்.

தனியாகச் சாப்பிடப் போகிற பெண்களுக்கு ஒரு வார்த்தை. நான் வந்த புதிதில் பல கடைகளில், "பேமிலி ரூம் மேல இருக்கு" என்று மாடிக்கு அனுப்புவார்கள். மேலே காற்றாடி ஓடாது, குழம்பு கேட்டுக் கத்த வேண்டும், ரசம் வருவதற்குள் சோறு காய்ந்துவிடும். இப்போது நான் போவதில்லை, "கீழேயே உக்காந்துக்கிறேன், வேலைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவேன். சிம்மக்கல் பக்கம் ஒரு மெஸ்ஸில் வயதான பரிமாறுகிறவர் ஒருவர் இருக்கிறார். முதல் நாளே, "இங்கன உக்காருங்கம்மா, காத்து வரும்" என்று காற்றாடிக்கு அடியில் இடம் காட்டினார். ரெண்டாவது சோறு கேட்குமுன் வந்துவிடும். சாப்பாடு சுமார்தான், சுக்காவில் எண்ணெய் கொஞ்சம் அதிகம். ஆனாலும் சிம்மக்கல்லில் வேலை என்றால் அங்கேதான் போவேன். ருசியை மட்டும் வைத்து ஒரு கடையைச் சொல்ல எனக்கு வராது.

மற்றவை சுருக்கமாக. ரயில் நிலையத்துக்கு எதிரே பிரேமா விலாஸில் அல்வாவை வாழை இலைத் துண்டில் சுடச்சுட வைத்துத் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறலாம், சாயங்காலம் நல்லது. மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடையில் வெள்ளையப்பத்துக்கும் காரச் சட்னிக்கும் கோவிலுக்குப் போய்விட்டு நேராகப் போங்கள். ஜிகர்தண்டா வெயில் நேரத்துக்கு உரியது. விளக்குத்தூண் பக்கம் மதியம் மூன்று மணிக்குக் குடித்துப் பாருங்கள். பால் சுண்டிய நிறத்தில் இருக்க வேண்டும், அடியில் பாதாம் பிசின் வழவழவென்று வர வேண்டும். பளீரென்று ரோஸ் நிறத்தில் ஒருவர் கொடுத்தார், பாதியோடு வைத்துவிட்டேன். பருத்திப் பால் வண்டிக்காரரிடம் சாயங்காலம், சுக்கு கூடப் போடச் சொல்லி. முள்முருங்கை வடை சாப்பிட முனிச்சாலைப் பக்கம் போங்கள், ஆறு மணிக்கு, பச்சை நிறமாகச் சட்டியிலிருந்து எடுத்ததும் மேலே பொடி தூவித் தருவார்கள்.

சித்தி மகன் இந்தத் தடவை தைப்பூசத்துக்குப் பழனி போய்விட்டு மதுரை வழியாக வந்தான். நானே கூட்டிப்போனேன், அதே பரோட்டாக் கடைக்கு, ஏழே காலுக்கு. சின்னவள் முதலில் வர மாட்டேன் என்று அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாஸ்டர் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு மெதுவாக எட்டிப் பார்த்தாள். அப்புறம் கல் பக்கமே நின்று, அவர் தட்டும்போதெல்லாம் தானும் ரெண்டு கையைச் சேர்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கும் சந்தோஷம், உள்ளங்கை அளவில் ஒரு குட்டிப் பரோட்டா போட்டுத் தந்தார். சால்னா வேண்டாம் என்று சொல்லி, சீனி தொட்டு முழுசையும் சாப்பிட்டாள்.

ரிங் ரோட்டில் புதிதாக ஒரு நாட்டுக்கோழிக் கடை வந்திருக்கிறது, எப்படி என்று ஆபீஸில் எல்லாரும் கேட்கிறார்கள். ரெண்டு தடவை சாப்பிட்டிருக்கிறேன், ரெண்டும் ராத்திரி, ரெண்டும் நன்றாகவே இருந்தன. மதியம் போய்ப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். வருகிற புதன்கிழமை அந்தப் பக்கம் ஒரு பார்ட்டிக்கு வேலை இருக்கிறது.